உரப்பை போர்த்திய பைக்

என் வாய் சும்மா இருக்காது. தம்பி கட்டாருக்குப் போனபோது அவனுடைய மோட்டார் சைக்கிளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. "எங்கிட்ட விடு. ஒரு பொட்டு துரு பிடிச்சாலும் என்னைக் கேளு" என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் எங்கள் விறகுக் கொட்டகை இருக்கிறது, நாலு பக்கமும் தகரம். நமுனுகுல மலைப் பக்கம் மழைக்காலம் வந்தால் போத்தலில் இருக்கும் உப்பே தண்ணீராகிவிடும். அதனால் தம்பி போகும்போதே பைக்கை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, டயருக்கு அடியில் பலகை வைத்து, டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தான். நான் அதோடு விடுவேனா? தோட்டத்தில் காலியான உரப்பைகள் நாலைக் கேட்டு வாங்கி, அலசி, ஒன்றாகத் தைத்து, இழுத்து இறுக்கிப் போர்த்திக் கட்டினேன். எங்கள் லயத்தில் விறகுக்கும் கோழிக்கூட்டுக்கும் அதுதான் போர்வை. பைக்குக்கு மட்டும் வேறென்ன வேண்டும்? அவ்வப்போது ஓரத்தைத் தூக்கி சீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்துதான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் தம்பி கட்டாரிலிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, பண்டாரவளையில பார்சல் குடுக்கிற வேலை ஒண்ணு சொல்லியிருக்காங்க. சொந்த பைக் இருக்கணுமாம். பைக் நல்லாருக்குல்ல?"

"புதுசு மாதிரி இருக்குடா."

"அப்ப அடுத்த மாசம் வந்துடுறேன். இல்லாட்டி இங்கயே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும்."

போனை வைத்ததும் ஓடிப்போய் உரப்பையை அவிழ்த்தேன். மட்கார்டு, சைலன்சர், ஸ்போக்ஸ் கம்பி எல்லாம் செம்மண் அப்பியது போல் துரு. இன்னும் இரண்டு வருடம் அவன் அந்த வெயிலில் கிடக்கப் போகிறான், அதுவும் என்னால்! அங்கேயே விறகின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் பக்கத்து லயத்து அண்ணனைக் கூட்டி வந்தேன். "பாழாப்போன பனிண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உரப்பையைப் புரட்டினார். தையல் மடிப்புக்குள் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது.

"கைய நீட்டு தங்கச்சி."

கொழுந்து பறித்து வெடித்துக் கிடந்த என் விரலில் அதைத் தேய்த்தார். சுரீர் என்றது.

"எரியுதா?"

"ஐயோ, ஆமாண்ணே!"

"உர உப்பு. இரும்புக்கு மட்டும் இனிக்குமா? இதுல காத்துப் போக வழியில்லாம வேற கட்டி வச்சிருக்க. வேர்த்து வேர்த்து ஊறியிருக்கு."

பிறகு டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "உள்ள சுத்தமா இருக்கு. தம்பி நெறைய ஊத்திட்டுப் போனதால தப்பிச்சது" என்றார். பாதி உயிர் அங்கேயே திரும்பி வந்தது.

மூன்று ஞாயிறு அவர் வந்தார். பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். துரு தேய்ப்பது என் வேலை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போகும் என்றார். வீடு வீடாகக் காலிப் பெட்டி கேட்டு அலைந்தேன். "என்னடி, எப்ப இருந்து இந்தப் பழக்கம்?" என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டும். தேய்த்து எண்ணெய் தடவி, பழைய பருத்திச் சேலையைத் தளர்வாகப் போர்த்தினேன். மூன்றாவது ஞாயிறு அண்ணன் பேட்டரியை மாட்டி உதைத்தார். ஐந்து உதைக்கும் மூச்சுப் பேச்சு இல்லை. ஆறாவது உதைக்குப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. அப்பாடா! கோழியெல்லாம் சிதறி ஓட, நான் அந்தப் புகைக்குள் நின்று கை தட்டினேன்.

தம்பி வந்ததும் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகைக்குப் போனான். அவன் விரல் நேராக மட்கார்டின் அடியில் போய் நின்றது. அங்கே மட்டும் அரித்த புள்ளிகள் போகவில்லை.

"என்னக்கா இது?"

"நான்தான்டா. உரப்பையப் போத்திட்டேன். உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "நான் இருந்திருந்தாலும் அதத்தான்க்கா போத்தியிருப்பேன்."

திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பினான். சத்தம் முதல் வளைவில் கேட்டது, இரண்டாவதில் கேட்டது, கீழே தார் ரோட்டில் ஏறியதும் சீராகக் கேட்டது. அது ஓய்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றுவிட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனபோது பேர் கூப்பிட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இது வர்ற நேரமா? வீட்டுல என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று கங்காணி கத்தினார்.

"தம்பிய வேலைக்கு அனுப்பிட்டு வர்றேங்க. சாயங்காலம் வந்துடுவான்" என்றேன்.