மலையில் கடைசி ஆள்

நியூசிலாந்தில், மேற்கு ஆக்லாந்தின் மலைகளில் ஓடுகிற எங்கள் குழுவில் எல்லோரும் மதித்த மனிதர், எனக்குத் தெரிந்து எந்தப் பந்தயத்திலும் வென்றதில்லை. எப்போதும் கடைசியாகத்தான் வருவார். அவர் பொறுப்பு அது.

மலையோட்டம் சாலையில் ஓடுவது போன்றதல்ல. சேறு, வேர், வழுக்குப் பாறை, திடீரென்று இறங்கும் பனிமூட்டம். வழி தவறாமலிருக்க மரக்கிளைகளில் ரிப்பன் கட்டியிருப்போம். கடைசி ஓட்டக்காரருக்கும் பின்னால் ஒருவர் அவற்றை அவிழ்த்துக்கொண்டே வருவார். மலையில் யாரும் தங்கிவிடவில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். நடுவில் விலகுகிறவர் அவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். வென்றவர் குளித்து உடை மாற்றியிருப்பார், சூப் ஆறியிருக்கும். ஆனாலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்கள்.

எங்கள் கடைசி ஆள் யாழ்ப்பாணத்துக்காரர். நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லின்ஃபீல்டில் வீடு. நான் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட, அதையே அவர் பெயரென்று நினைத்து வெள்ளைக்காரர்களும் ‘அண்ணே’ என்றார்கள். அவர் திருத்தவில்லை.

நான் மலேசியாவின் ஈப்போவில் தலைமையாசிரியராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு கிளென் ஈடனில் இருக்கும் மகளோடு வந்து சேர்ந்தேன். அறுபதைத் தாண்டி ஓடப் பழகியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

“அண்ணே, இந்தத் தடவை உங்க கண்ணுல படாம ஓடப் போறேன், பாருங்க” என்றேன், ஒரு குளிர்காலப் பந்தயத்தின் காலையில். அந்த மலைக்காட்டின் கௌரி மரங்களுக்குச் சேற்றின் வழியே நோய் பரவாமலிருக்க எல்லோரும் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம்.

“ஓமோம். போன முறையும் இதைத்தான் சொன்னனீர். பிறகு உம்மட முதுகைப் பாத்துப் பாத்து எனக்குத்தான் கண் நொந்தது.”

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் புரியவில்லை; ஆனாலும் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது.

பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாதை ஒரு தார்ச்சாலையைக் கடக்கும் இடம் அது. அண்ணே பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தார். சற்று நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தால் போதும், வந்திருப்பார். அவர் சிரிப்பைப் பார்க்க மனமில்லை. அந்த வழியாக வந்த ஒரு காரை நிறுத்தி ஏறினேன். வீட்டில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அண்ணே முடிவுக்கோட்டுக்கு வந்ததும், “ஒருவர் குறைகிறார்” என்றிருக்கிறார். யாரென்றும் சொல்லியிருக்கிறார். பிறகு நாலைந்து பேரோடு மழையில் திரும்ப மலையேறிப் பொழுது சாயும்வரை என் பெயரைக் கூவித் தேடியிருக்கிறார். யாரோ வீட்டுக்குத் தொலைபேசி செய்தபோது தூக்கக் கலக்கத்தில் எடுத்தேன். விஷயம் புரிந்ததும் பயந்துபோனேன். “அண்ணேகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்றே திருத்தியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து கேட்டார். கோபமில்லாமல் கேட்டார்.

“தம்பி, எவடத்தில வைச்சுச் சொன்னனீர்?”

“ரோட்டுக்கிட்ட, அண்ணே. நீங்க ரிப்பன் அவுத்துக்கிட்டிருந்தீங்க. தலையாட்டுனீங்களே.”

என் முகத்தையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை ஆயிரம் முறை பிடித்தவன் நான். எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

“ஓம்… இருக்கும்” என்றார். “வயசு போகுது.”

அந்தப் பந்தயத்தோடு கடைசி ஆள் பொறுப்பை விட்டுவிட்டார். குழு கெஞ்சியது. “மறதிக்காரனை நம்பி ஆட்களை மலைக்கு விடக்கூடாது” என்று முடிவாகச் சொன்னார். அதன்பிறகு முடிவுக்கோட்டில் நின்று சூப் ஊற்றினார். என் கோப்பையையும் நிரப்பினார். நானும் வாங்கிக் குடித்தேன். சொல்ல நினைத்த நாட்கள் உண்டு, தள்ளிப்போட்டேன். சில வருடங்களில் இதயம் நின்று, தூக்கத்திலேயே போய்விட்டார்.

நினைவுக் கூட்டத்தில் குழுத் தலைவர் பேசினார். நல்ல மனிதர், அன்போடுதான் சொன்னார்: “ஒருமுறை மறதியில் ஒரு பிழை நேர்ந்தது. அதை ஒப்புக்கொண்டு தானே விலகிய நேர்மை அவருடையது.” எல்லோரும் தலையசைத்தார்கள்.

நான் எழுந்தேன். “அண்ணே மறக்கவில்லை. அவர் கணக்குச் சரியாக இருந்தது. நான் அவரிடம் சொல்லவே இல்லை. பொய் சொன்னது நான்” என்றேன். உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார். அவர் செய்தது சரி.

கூட்டம் முடிந்ததும் அண்ணேயின் மனைவி நேராக என்னிடம் வந்தார்.

“உண்மையோ?”

“உண்மைதான்க்கா.”

“அவர் அதுக்குப் பிறகு கார் ஓட்டேல்லை, தெரியுமோ? பேரப்பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகப் பயம் எண்டவர். அடுப்பை நிப்பாட்டினனோ, கதவைப் பூட்டினனோ எண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பார். நானும் மறதி வந்திட்டுதெண்டுதான் நம்பினன். ஒரு சாமானும் அவரை நம்பி வாங்க விடேல்லை.”

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது உங்கட பாடு. எனக்கு வேற வேலை கிடக்கு. யாழ்ப்பாணத்தில அவற்ற தமக்கை இருக்கிறா. தம்பிக்குப் புத்தி மங்கிப் போச்செண்டு நான்தான் சொல்லி அழப்பண்ணினனான். இப்ப நான் மாத்திச் சொன்னா, தன்னைத் தேற்றத்தான் சொல்லுறன் எண்டு நினைப்பா. நீங்களே கதையுங்கோ.”

கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அழைத்தார். எதிர்முனையில் ஒரு தளர்ந்த குரல் “ஆர்?” என்றது. தொலைபேசியை என் கையில் வைத்துவிட்டு, நான் விலகிப் போக முடியாதபடி எதிரே நின்றுகொண்டார்.

“அக்கா, உங்க தம்பிகூட மலையில ஓடுனவன் பேசுறேன்” என்றேன். “அவருக்கு மறதியே கிடையாதுக்கா. கடைசிவரைக்கும் கிடையாது. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு முழுக்கச் சொல்றேன், கேளுங்க.”