பால்காரன் ஊருக்கு ஓர் ஓம்

சனிக்கிழமை காலை 8.20க்கு டார்ம்ஸ்டாட்டில் ரயிலேறினேன். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வாரமாகியும் தம்பி எனக்குக் காட்டியதெல்லாம் கட்டடங்கள். ஒரு கோபுரம், ஒரு அருங்காட்சியகம், அப்புறம் இன்னொரு கோபுரம். கோபுரத்தோடு என்ன பேசுவது என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். புலம்பல் பொறுக்காமல் அவன் தன்னோடு வேலை பார்க்கும் ஷரோனிடம் சொல்லியிருக்கிறான். ஷரோனின் பெற்றோர் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். மைன் ஆற்றோரம் லிண்டன்பாக் என்ற சின்ன ஊரில் முப்பத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறார்கள். இன்று பிற்பகல் அங்கே ஒரு சங்கக் கூட்டம், வந்தால் ஊரையே ஒரு அறைக்குள் பார்த்துவிடலாம் என்று அழைப்பு வந்தது. உடனே கிளம்பிவிட்டேன்.

ஆஷாஃபன்பூர்க்கில் இறங்கி ஆற்றோடு போகும் சின்ன ரயிலுக்கு மாறினேன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் திராட்சைத் தோட்டங்கள். விருதுநகர்க்காரனான எனக்கு இவ்வளவு பச்சை கண்ணுக்கு ஒத்துவரவில்லை, நடுவில் கொஞ்சம் தூங்கிப்போனேன்.

10.35. நிலையத்தில் ஷரோனின் அப்பா அந்தோனி அண்ணை காரோடு நின்றார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், ஆறு கிலோமீட்டருக்கு ஆறு சொல் பேசினாலே அதிகம். ஊர் எல்லையில் ஒரு பலகை இருந்தது. லிண்டன்பாக் என்ற பெயருக்குக் கீழே, ‘பாலிகாரன், அயர்லாந்து, 1500 கி.மீ.’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஜெர்மன் ஊருக்குள் நுழைகிறவனுக்கு எதற்கு அயர்லாந்துக்கு வழி என்று கேட்டேன்.

“அதுதான் தம்பி எங்கட பால்காரன் ஊர்,” என்றார்.

இரண்டும் உறவூர்களாம். ஆயிரத்துச் சொச்ச வருடத்துக்கு முன் அயர்லாந்திலிருந்து ஒரு துறவி வந்து, இங்கே ஆற்றங்கரையில் முதல் தேவாலயத்தைக் கட்டினார் என்பது ஊர்க்கதை. அந்தத் துறவி தங்கள் மண்ணில் பிறந்தவர் என்பது பாலிகாரன்காரர்களின் கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாத கதையை வைத்துக்கொண்டு ஒரு கோடையில் அவர்கள் இங்கே வருகிறார்கள், மறு கோடையில் இவர்கள் அங்கே போகிறார்கள். இதை நடத்துவதுதான் இன்று கூடுகிற சங்கம்.

11 மணி. ஊரின் ஒரே பேக்கரியில் ஷரோனின் அம்மா ரீட்டாக்கா வேலையில் இருந்தார். இருபத்தொன்பது வருடமாக அதே கவுண்டர். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு கிழவர் ஜெர்மனில் ஏதோ கேட்டார். அக்கா “ஓம்” என்று சொல்லி இரண்டு கசகசா ரொட்டிகளைப் பையில் போட்டார். அடுத்து வந்த பெண்ணிடம் அக்கா எதையோ கேட்க, பொன்னிறத் தலைமுடிக்காரியான அவள் அலட்டிக்கொள்ளாமல் “ஓம்” என்றாள். ஆமாம் என்பதற்கு ஈழத்தார் சொல்லும் சொல் இந்த ஊரில் ரொட்டியோடு சேர்ந்து பரவிவிட்டது. ஒருமுறை வெளியூரிலிருந்து யோகா சொல்லித்தர வந்தவர் அக்காவைப் பெரிய யோகி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

12.30. வீட்டில் புட்டும் மீன்குழம்பும். அக்கா சாப்பிட மறந்து பாலிகாரனைப் பற்றியே பேசினார். ஒரே நீளத் தெரு, ஒரு தேவாலயம், தெருவின் கடைசியில் பால் பண்ணைக்காரர்களின் கூட்டுறவு ஆலை. ஆகவே பால்காரன் ஊர் என்பதில் பிழையே கிடையாது. யாராவது இறந்தால் கடையை அடைத்துவிட்டு முழு ஊரும் வரிசையில் நின்று வீட்டார் கையைப் பிடிக்கும். நாட்டின் சுத்தமான ஊர்களுக்கான போட்டி வந்துவிட்டால் பாதிரியாரும் விளக்குமாறு எடுத்தாக வேண்டும். தெருவுக்குப் பின்னால் கல் நடாத ஒரு புல்வெளி இருக்கிறது. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில் செத்தவர்களை அங்கேதான் பேரில்லாமல் புதைத்தார்கள். பிழைத்தவர்களில் பாதிப்பேர் கப்பலேறிவிட்டார்கள்.

அக்கா ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் போன முதல் பயணம் அங்கேதான். தங்க இடம் தந்தவர் மேரி என்ற விதவை.

“இஞ்ச எல்லாரும் ஏன் வந்தனீங்கள், எப்ப திரும்பிப் போவீங்கள் எண்டுதான் கேட்டவை,” என்றார் அக்கா. “மேரி அப்பிடிக் கேக்கேல்லை. உங்கட வீட்டில எத்தினை பேர் ஊரை விட்டுப் போனவை எண்டு கேட்டா. நான் ஏழு எண்டன். தன்ர வீட்டில ஒன்பது எண்டா. பிறகு ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சம்.”

அந்தச் சங்கத்துக்குத்தான் இன்று கண்டம். இருபத்துநான்கு வருடம் தலைவராக இருந்த வெர்னர் என்ற முன்னாள் தபால்காரருக்கு முழங்கால் போய்விட்டது. வேறொருவர் தலைவராக வராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டியதுதான். கலைந்தால் இந்தக் கோடையில் வருவதுதான் கடைசி வருகை. மேரிக்கு எண்பத்திரண்டு வயது.

நீங்களே தலைவராகலாமே என்றேன். அக்கா தலையாட்டி மறுத்தார். தலைவருக்குத்தான் அரசாங்கக் கடிதமெல்லாம் வரும். அகதியாக இருந்த நாட்களில், இருக்கலாமா போகவேண்டுமா என்று தீர்மானித்தவை அப்படிப்பட்ட கடிதங்கள்தான். இன்றைக்கும் முகவரி தெரிய ஜன்னல் வைத்த அரசாங்க உறை வந்தால் அக்கா தொடமாட்டார், அண்ணைதான் உடைக்க வேண்டும்.

“என்னால ஏலாது தம்பி.”

2 மணி. தீயணைப்பு நிலையத்தின் மாடியில் நாற்பது பேர். பாற்கட்டி கேக் ஒரு துண்டு இரண்டு யூரோ, காபி ஒன்றரை. என் இரு பக்கமும் அக்காவும் அண்ணையும். ஜெர்மன் தெரியாத எனக்கு அக்கா காதோடு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது தேர்தல், ஏழாவது கலைப்பு. மருந்துக்கடைக்காரப் பெண்மணி ஒருவர் ப்ரோட்டோகொல், அதாவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஏறியதை அழிக்க அந்த ஊரில் வழியில்லை என்றார் அக்கா.

வெர்னர் எழுந்து, யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டார். நாற்பது பேரும் கேக் தட்டைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கேட்டார். யாரோ இருமினார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு, மேசையில் கையூன்றிக் காத்து நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

“அப்ப சங்கம் அவ்வளவுதானா அக்கா?” என்றேன்.

“ஓம்,” என்றார் அக்கா. துக்கத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

மொத்த அறையும் திரும்பியது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர் அங்கே யாருமில்லை. பின்வரிசையில் கைதட்டல் கிளம்பியது. மருந்துக்கடைக்காரரின் பேனா ஓடத் தொடங்கியது.

“பிழையா விளங்கிட்டினம்,” என்றார் அண்ணை. “எழும்பிச் சொல்லும், ரீட்டா.”

அக்கா கைப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைதட்டல் நின்றது. ஜெர்மனில் மெதுவாக ஏதோ சொன்னார். முகங்கள் வாடின, வெர்னர் உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை, வெர்னரைப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார், கடைசியாக ஒரு “ஓம்.” நாற்காலிகள் இழுபட, அறை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

என்ன நடந்தது என்று அண்ணையைக் கேட்டேன். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“முதல் சொன்ன ஓம் இந்தத் தம்பிக்கு, இப்ப சொல்லுறது உங்களுக்கு எண்டவ.”

மருந்துக்கடைக்காரர் எந்த ஓமை எழுத என்று கேட்க, இரண்டையும் எழுதச் சொன்னார் வெர்னர். உறைகளைத் தானே உடைத்துத் தருவதாக அண்ணை மனைவியிடம் சொன்னார். அன்று அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. கூச்சமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

எங்கள் ஊரில் ஒரு சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் என்றால் ஐந்து பேர் நிற்பார்கள், முடிவு வந்ததும் சங்கம் இரண்டாகும். இங்கே தலைவரை வலைபோட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிடிபட்டவரை ஊரே எழுந்து நின்று வரவேற்கிறது.

5.50க்கு ரயில். இருவரும் நடைமேடை வரை வந்தார்கள். அடுத்த கோடையில் பாலிகாரனுக்குப் போகிற பேருந்தில் ஓரிடம் காலியாம்.

“நீங்களும் வருவீங்களோ தம்பி?” என்றார் புதிய தலைவர்.

ஒரு கால் ரயில் படியில் இருந்தது. அத்தனை வருடம் “ஆமா”வைத் தவிர வேறு சொல்லாத வாயிலிருந்து “ஓம்” வந்தது.

அக்கா கைப்பையிலிருந்து பேனா எடுத்ததைக் கதவு மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான், அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. தம்பியைப் போனில் கூப்பிட்டு விண்ணப்பப் படிவம் பார்த்துவைக்கச் சொன்னேன்.

“திடீர்னு அயர்லாந்து எதுக்கு?” என்றான்.

“ப்ரோட்டோகொலில் ஏறியாச்சுடா,” என்றேன்.