மகள் நடத்திய பெற்றோர் கூட்டம்

என் வீட்டுக்காரர் பிளஸ் டூவில் வாங்கிய மார்க், சங்ககிரியில் எங்கள் லாரி ஆபீஸுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து வாங்கியது. இப்போது அதை வைத்து டீசல் கணக்குத்தான் பார்க்கிறீர்கள் என்று நான் சொன்னால் கோபம் வரும்.

மகளை நான்தான் அடம்பிடித்து சேலம் ரோட்டில் இருக்கிற இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்தேன். அமெரிக்கப் பாடத்திட்டம், மத்தியானம் என்னவோ தயிர்சாதம்தான். ரேங்க் கிடையாது, சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அவருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "அஞ்சாவது முடியட்டும், நான் படிச்ச ஹாஸ்டல்லயே போட்டுரலாம்" என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அஞ்சாவதின் கடைசிப் பெற்றோர் கூட்டம் வந்தது. முன்பெல்லாம் கூட்டத்தன்றைக்குப் பார்த்து எங்காவது ஒரு லாரி பிரேக்டவுன் ஆகும். அன்றைக்கு எதுவும் ஆகவில்லை, அவரும் வந்தார். அங்கே டீச்சர் பேசமாட்டார். பிள்ளைதான் அப்பா அம்மாவை உட்காரவைத்துத் தன் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கால் தாடையில் இடிக்க அவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அழகைப் போட்டோ எடுக்க என் கை துறுதுறுத்தது.

மகள் ஐஸ் குச்சியில் செய்த பாலத்தைக் காட்டினாள். எடை வைத்ததும் உடைந்துபோனதாம். திரும்பச் செய்ததும் உடைந்ததாம். இனி அடியில் முட்டுக் கொடுக்கப் போகிறாளாம். சொல்வதில் அத்தனை பெருமை.

"ஒடைஞ்சதுக்கு எத்தன மார்க்குங்க?" என்று அவர் டீச்சரைக் கேட்டார். டீச்சர் சிரித்தபடி மகளைக் கை காட்டினார்.

"மார்க்கெல்லாம் இல்லீங்கப்பா. என்ன முடியலன்னு சொல்லோணும், அதுக்கு என்ன பண்ணப்போறோம்னு சொல்லோணும். நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. உங்க ஸ்கூல்ல உங்களுக்கு என்ன முடியல?"

மார்க்கைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் உடைந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்க முடியலீங்க சாமி. ஊட்டு நெனப்பாவே இருக்கும்" என்றார் மகளிடம்.

இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. மகள் விடுவாளா? டீச்சர் மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டு, "சரி, அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்றாள்.

"உன்னைய ஊட்டுலயே வெச்சுக்கறேன்" என்றார்.