பெற்றோர் வருகைப் பதிவு

என் மனைவி விடியற்காலைத் தூக்கத்தில் ஊரிலுள்ள ஆண்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுவாள். வேறு வீடாக இருந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும். கல்யாணமான புதிதில் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன்தான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவையெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அவள் கூப்பிடப்போகும் அப்பாக்களின் பெயர்கள். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால் அம்மாக்களின் பெயர்களும் வரும். ஜன்னலில் வெளுப்புத் தட்டும் நேரம், கண் மூடியபடி ஒருத்தி மெதுவான குரலில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போவாள். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் திரும்பத் தூக்கம் வந்துவிடும்.

அவள் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. ஒரு பள்ளிக்கு இல்லை, இரண்டு பள்ளிக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, பாலம் தாண்டி மேட்டின்மேல் ஒன்று. இரண்டையும் சேர்த்தாலும் அறுபது பிள்ளைகள் தேறாது. மேட்டுப் பள்ளியில் பத்தொன்பது பேர்தான். இரண்டு அறை, ஒரு குழாய், மழை வந்தால் அடைத்துக்கொள்ளும் ஒரு வடிகால். ஊரில் அவளைப் பெரிய டீச்சர் என்பார்கள். என் அளவு நாடாவில் ஐந்து அடிக்கு இரண்டு விரல் குறைவு. இதைச் சொன்னால் அன்றைக்குக் காபி ஆறித்தான் வரும்.

நான் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு பள்ளிக்கும் சீருடை தைப்பது நான். அதனால் பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும்போது, புதிதாகச் சேரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். அவள் பேசுவாள், நான் அளவெடுப்பேன். டீச்சரைப் பார்த்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற குழந்தை, நாடாவைப் பார்த்தால் தானாகவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அளக்கும்போது அவள் விசாரிப்பாள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எதைப் பார்த்தால் பயம், யார் மடியில் தூங்கும். எல்லாம் ஒரே நோட்டில், ஒரே வரியில் ஏறும். மார்பு இருபத்திரண்டு, நீளம் பதினாறு, பயம் பக்கத்து வீட்டு வாத்து.

முதல் நாள் அவள் செய்வதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுக்க மாட்டாள். பெற்றவர்களுக்கு எடுப்பாள். அவ்வளவு பெரிய ஆட்கள் குழந்தைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் முன்னால் நின்று வேடிக்கை பார்க்கும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிப்பாள். வீட்டில் வருஷம் முழுக்க ஏய், இங்க வா, இன்னான் பொண்டாட்டி என்று அழைக்கப்படும் பெண்கள், தங்கள் சொந்தப் பெயரை முழுசாக, சத்தமாகக் கேட்பார்கள். எழுந்து நின்று “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லும்போது சிலருக்கு முகம் சிவந்துவிடும். லாரி ஓட்டுகிற ஒருவர் சொன்ன சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துபோயின. பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்பாவே பயந்துகொண்டு பதில் சொல்கிற இடத்தில் நாம் பயந்தால் தப்பில்லை என்று அதுகளுக்குப் பட்டுவிடும் போல. அதற்குப் பிறகு அழுகை குறைந்துவிடும்.

ஒரே ஒரு வருஷம் அது தப்பாகிப்போனது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மேட்டுப் பள்ளிக்குச் சுருட்டை என்று ஒரு பையன் வந்தான். நாங்கள் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மாதான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாடாவுக்கு நிறுத்தினாள், நன்றாகப் பேசினாள். அந்த மாதத்துக்குள் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். மேட்டுக்கும் அப்பால் தனியாக நிற்கும் வீடு, எங்கள் காதுக்குச் சேதி வரவில்லை. முதல் நாள் யாரோ மாமா ஒருவர் பையனை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார், அவன் தனியாக ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். என் மனைவி நோட்டைப் பார்த்து அவன் அம்மா பெயரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அந்தப் பையன் எழுந்து நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றான். அறையே சிரித்தது. யாரோ ஒருத்தி பக்கத்தில் வந்து காதில் சொன்ன பிறகுதான் இவளுக்கு விஷயமே தெரியும்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. நான்கு தடவை வீடு தேடிப் போனாள், நான்கு தடவையும் சோளக் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். அத்தோடு அவன் படிப்பு முடிந்தது. வளர்ந்து கொத்தனார் ஆனான். இருபத்தெட்டு வயதிலேயே முன்வழுக்கை, சுருள்வதற்கு முடி இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் இவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஒரு பையனின் படிப்பைக் கெடுத்தவள் நான் என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், கணக்கே இல்லை. தெரியாமல் நடந்ததுக்கு என்ன செய்ய முடியும் என்று நான் எரிந்து விழுவேன்.

இந்த வருஷம் மேட்டுப் பள்ளியில் சேர வேண்டிய ஐந்து பிள்ளைகளில் ஒன்று சுருட்டையின் மகள். கடுகு என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு சின்ன உருவம். அவன் மனைவியும் எட்டு மாதம் முன்னால் இறந்துவிட்டாள். இந்தத் தடவை என் மனைவி மூன்று பேரிடம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஸ்கூட்டரில் ஏறினாள். வழி நெடுக என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவன் வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தான். மரியாதையாகக் கை கழுவிவிட்டு வந்தான், தண்ணீர் கொடுத்தான். குழந்தை நாடாவைப் பார்த்ததும் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. அளவெல்லாம் வேண்டாம் அண்ணா, இந்த வருஷம் அனுப்பப்போவதில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். என் மனைவி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவன் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்றான். சரி என்பது அனுப்புகிறேன் என்று ஆகவில்லை. கையை இறக்கு என்று யாரும் சொல்லாததால் அந்தக் குழந்தை அவ்வளவு நேரமும் தூக்கியபடியே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்துவிட்டேன். மார்பு இருபத்தொன்று.

திரும்பும்போது பாலத்தில் பனி இறங்கியிருந்தது. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கீழே கேட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் நாங்கள் மட்டும் எங்கேயோ மிதந்து போவதுபோல் இருந்தது. பாதிப் பாலத்தில் இவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“அவன் என்னாலதான் படிக்கல. இப்ப அவன் பொண்ணும் படிக்கப் போறதில்ல. இந்த வருஷம் நான் பெத்தவங்க பேரைக் கூப்பிட மாட்டேங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை, ஒருவனுக்காக விடுவதா என்று கத்தினேன். பனிக்குள் கத்தினால் குரல் எங்கும் போவதில்லை, பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து விடியற்காலையில் பெயர்கள் கேட்பதும் நின்றுபோனது. நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால், அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்புத் தட்டியது.

கடுகுக்கு மட்டும் யாரும் கேட்காமலே ஒரு உடுப்பு தைத்தேன். உள்ளே இரண்டு அங்குலம் கூடுதலாக மடித்துத் தைத்தேன், வளர்ந்தால் பிரித்துவிடலாம். கொண்டுபோய்க் குழந்தையின் கையிலேயே கொடுத்தேன். சுருட்டை சுவர் பூசக் கட்டிய சாரத்தின்மேல் நின்று பார்த்தான், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று ஆற்றுப் பள்ளி வேலையை ஒன்பது மணிக்கே முடித்துவிட்டு மேட்டுக்குப் போனோம். நானும் ஊசி நூலோடு போவது வழக்கம், முதல் நாள் நான்கு பொத்தானாவது தெறிக்கும். மேட்டில் பனி விலகவே இல்லை. குடும்பங்கள் பாதையில் ஏறி வருவது முதலில் பேச்சுக் குரலாகத்தான் தெரியும், பிறகு ஒரு பை, ஒரு தலை, அப்புறம் முழு ஆள். வாசலில் நின்று இவள் ஒவ்வொரு குழந்தையின் காதிலும் குனிந்து ஏதோ சொன்னாள். வாத்துக்குப் பயப்படும் பையனிடம், இங்கே வாத்து கிடையாது என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அவன் அதை நம்பாமல் குழாயடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

எல்லாரும் உள்ளே போன பிறகு, சுற்றுச்சுவருக்கு வெளியே இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. சுருட்டை, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கடுகு. நான் தைத்த உடுப்பு. அப்பா இல்லாமல் குழந்தை உள்ளே வராது, அவனோ நகர்வதாக இல்லை. என் மனைவி வெளியே போனாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை மூன்றாவது தடவையாகத் தைத்தேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு விசாரிக்காமல் கூப்பிட்டது என் தப்பு, அத்தனை பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றாள். இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை நின்ற இடத்தில் கொட்டிவிட்டாள். இன்றைக்கு யார் பெயரையும் கூப்பிடப்போவதில்லை, பயப்படாமல் உள்ளே வா என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது.

“கூப்பிட மாட்டீங்களா? நான் அதுக்குத்தான் டீச்சர் வந்தேன்.”

இவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“அம்மா செத்தப்புறம் எங்க வீட்ல அவங்க பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா அப்பா அழுவாரு. அன்னைக்கு நீங்க அவ்ளோ சத்தமா மூணு தடவை கூப்பிட்டீங்க. அம்மா அங்கதான் எங்கயோ இருக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் எழுந்து நின்னேன். சிரிச்சாங்களா? எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்.”

அப்புறம் ஏன் வரவில்லை என்று இவள் கேட்டாள்.

“மறுநாள் வந்தேனே. ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். பசங்க பேரை மட்டும்தான் கூப்பிட்டீங்க. கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். இவளும் மறுநாள் அவ அம்மா பேரு வராம அப்படித் திரும்பி வந்துடுவாளோன்னுதான் அனுப்ப வேணாம்னு நெனச்சேன்.”

ஊசி என் விரலில் ஏறியிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். இத்தனை வருஷம் இவள் எதற்காக அழுதாள், அவன் எதற்காகப் போனான், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குழந்தை அப்பாவின் விரலை ஆட்டி, உள்ளே போகலாமா என்று கேட்டது.

போனார்கள். அவன் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். இவள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அப்பாக்கள், அம்மாக்கள், ஒருவர் விடாமல் கூப்பிட்டாள். சிரிப்பும் இருந்தது. கடுகின் அப்பா பெயர் வந்ததும் சுருட்டை பதில் சொன்னான். அடுத்தது அவள் அம்மா பெயர். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டாள். மற்றவர்களுக்குக் காத்திருந்த அதே நேரம் காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற கடுகு பின்னால் திரும்பி, “அப்பா, டீச்சருக்கு அம்மாவைத் தெரியுமா?” என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் காலையில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பொத்தான் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு நானும் இவளோடு போனேன். இவள் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். முதல் குழந்தையின் பெயரைச் சொன்னாள், கூடவே இன்னாரின் மகன் என்று அதன் அம்மா பெயரையும் சொன்னாள். பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது அம்மாக்கள். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை இழுத்துக்கொண்டே போனது. நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று ஒரு தடவை என்னை முறைத்தாள். நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே பனியில் சுருட்டை நின்றுகொண்டிருந்தான், தோளில் பூச்சுக் கரண்டியும் மட்டப்பலகையும் இருந்த பை. கடுகின் பெயரும் அவள் அம்மாவின் பெயரும் வந்தன. கடுகு எழுந்து நின்று உள்ளேன் டீச்சர் என்றாள். அதோடு அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிப் பிள்ளையின் அம்மா வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.