சாய்ந்த கையெழுத்து

பிரஷ்காரர் என்று சொன்னால்தான் தபால் பிரிக்கும் கூடத்தில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலு பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா ரயில் பெட்டிகளுக்கு எண்ணெய் போட்டவர். பெரியப்பா நெசவாலையில் ஓடுகிற பெல்ட்டுகளைத் தைத்துக் கொடுத்தவர். சக்கரம் சுற்றுகிற இடத்தில் போய் நின்றுகொள்ளும் பழக்கம் அந்தப் பக்கத்து ரத்தம். படிப்பு எட்டாவதோடு சரி. ஸ்பானரைப் பிடித்த கை மட்டும் நின்றதே இல்லை.

அவர் கட்டியது ஒரு வீட்டின் ஒற்றைப் பெண்ணை. மாமனார் சீக்கிரம் போய்விட்டார். மாமியார் தனியாக நின்றபோது, அவருடைய ஒரே தம்பி, கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டு விற்கிறவர், அக்காவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட வந்தார். அக்கா போகவில்லை. "என் மாப்பிள்ளை எனக்குப் பெத்த பிள்ளை மாதிரி, நான் அங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். தம்பிக்குச் சுருக்கென்றது. "கூடப் பொறந்தவனை விட்டுட்டு மாப்பிள்ளை வீட்டுச் சோத்துக்குப் போறியா, போ" என்று சொல்லிவிட்டு எழுந்தவர்தான், பதினோரு வருஷம் அக்கா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த மாமியாருக்கு வலது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடிப்போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் இடது கையால் எழுதப் பழகினார். எழுத்து ஒவ்வொன்றும் விழப்போகிற சுவர் மாதிரி ஒரே பக்கமாகச் சாயும். வாய் மட்டும் நேர். மருமகனை வாரிவிடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கூடத்தில் கடிதம் பிரிக்கும் மெஷின் வந்த வருஷம் அது. கடிதங்களை நிற்கவைத்து அடுக்கினால், காற்றை உறிஞ்சும் குழாய் ஒன்று ஒவ்வொன்றாக இழுத்து பெல்ட்டில் விடும். ஒரு கண்ணாடிக் கண் முகவரியைப் படிக்கும். படித்த ஊருக்கு உரிய அறையில் கடிதம் போய் விழும். படிக்க முடியாதவை கடைசித் தட்டில் சேரும். அதற்கு ஆட்கள் வைத்த பெயர் முழிக்கிற தட்டு.

மெஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கடிதங்களை ஒன்றாக இழுத்துவிடும். முன்னால் இருப்பது எந்த ஊரோ, பின்னால் இருப்பதும் அந்த ஊருக்கே போய்ச் சேரும். மெஷின் செய்த கம்பெனியிலிருந்து இரண்டு தரம் ஆட்கள் வந்து, பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள்.

கூடத்து மெக்கானிக்கான மருமகன் வீட்டில் உட்கார்ந்து பழைய உறைகளை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார்தான் சொன்னார்.

"என்ன மாப்பிள்ளை, மாட்டைக் கயிறு போட்டு இழுக்கற மாதிரி இழுக்கறீங்க. ஒட்டின காகிதத்தை இழுத்தா வருமா? லேசா தடவி விடுங்க, தானா பிரியும்."

தடவிப் பார்த்தார். பிரிந்தது. பல் தேய்க்கும் பிரஷ் மூன்றை வெட்டி, சைக்கிள் ட்யூப் பட்டையில் பதித்து, வளைத்த தகட்டில் மாட்டி, உறிஞ்சு குழாய்க்கு எதிரே நிறுத்தினார். முதல் கடிதம் போகும், இரண்டாவது பிரஷ்ஷில் உரசி நிற்கும். இரட்டைப் போக்கு அன்றோடு நின்றது. கூடமே வேடிக்கை பார்த்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வருவதாகத் தேதி குறித்தார்கள். ஆயிரத்து ஐநூறு கடிதம் ஓட வேண்டும், முழிக்கிற தட்டில் அறுபதுக்கு மேல் விழக்கூடாது. சரியாக வந்தால் எல்லாக் கூடத்திலும் இந்த பிரஷ்ஷை மாட்டுவார்கள். முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது நூற்று எழுபது விழுந்தது. விழுந்தவற்றை இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பிரஷ் தடவும்போது கடிதம் மயிரிழை சாய்கிறது. நேரான எழுத்தென்றால் கண் சமாளித்துக்கொள்கிறது. எழுத்தே சாய்வாக இருந்தால், சாய்வுக்கு மேல் சாய்வாகி, மெஷின் முழிக்கிறது.

மேற்பார்வையாளரிடம் போய், "ரெண்டு நாள் குடுங்க சார், சரி பண்ணிடறேன்" என்றார்.

"பெரியவர் கார்ல ஏறியாச்சு. அவரை நடுவழியில நிக்க வைக்கச் சொல்றியா? ஓடுனா ஓடட்டும். இல்லைன்னா அந்த பிரஷ்ஷைக் கழட்டி எடுத்துட்டுப் போய்ப் பல்லைத் தேய்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் ஒரு கனத்த உறையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவருடைய மகளுக்குக் கல்யாணம், இன்னும் மூன்று வாரம். உள்ளே அழைப்பிதழும் நாலு பக்கக் கடிதமும் இருந்தன.

"தம்பிக்கு எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. வாடான்னு எழுதியிருக்கேன். என்மேலதான் தப்புன்னும் எழுதியிருக்கேன், அதை நீங்க படிச்சிடாதீங்க."

"போன் பண்ணிடலாமே அத்தை."

"போன்ல என் குரலைக் கேட்டுட்டு வெச்சுட்டான்னா? காகிதம்னா கிழிக்கறதுக்காவது கையில எடுக்கணும்."

பிரஷ்காரரே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். மறுநாள் விடியற்காலை கூடத்துக்குப் போனார். முத்திரை குத்திய கடிதங்கள் தட்டுகளில் சோதனைக்காக அடுக்கியிருந்தன. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, சாய்வான கையெழுத்துக் கடிதங்களை உருவி உருவி அதில் போட ஆரம்பித்தார்.

முதலில் கையில் வந்தது மாமியாருடைய உறை.

தெரியாமல் எடுத்தார் என்று சொல்ல வழியில்லை. எத்தனை கடிதம் நடுவே இருந்தாலும் அந்தச் சாய்வை அவருக்குத் தெரியும். திருப்பி வைக்கக் கை போனது. இந்த எழுத்துத்தான் மெஷினை முதலில் முழிக்க வைக்கும் என்றும் தெரிந்தது. சாயங்காலமே எடுத்து அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பைக்குள் போட்டார். அதன் மேல் மற்றவர்களுடையது விழுந்தது. மொத்தம் நூற்றுப் பதினேழு.

சோதனையில் முழிக்கிற தட்டில் விழுந்தது முப்பத்தொன்று. பெரியவர் கையைக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்பும் பேச்சும் முடிந்து பார்த்தால், அன்றைய தபால் வண்டி போய்விட்டிருந்தது. பை அவருடைய கருவி அலமாரியில், ஸ்பானர்களுக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம். அன்றைய முத்திரை அன்றே வெளியேற வேண்டும். பழைய தேதிக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டாலும் மேற்பார்வையாளர் யார் வேலை என்று தோண்டிவிடுவார். அதனால் வண்டி கிளம்புகிற அவசரத்தில், கட்டுகளுக்கு நடுவே நாளைக்கு ஐந்து, ஆறு என்று செருகினார். சில நாள் ஒன்றுகூட முடியாது. எடுக்கும்போது முகவரியைப் பார்க்கமாட்டார். பார்த்தால் அதற்கு ஒரு முகம் வந்துவிடும் என்று பயம். மேலிருந்து கிடைத்ததை எடுத்துச் செருகிவிட்டு, அத்தையுடையது போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். முதலில் போட்டது அடியில்தான் கிடக்கும் என்பது எட்டாவது படித்தவருக்குத் தெரியாதா? தெரியும். கையை அடிவரை விட்டுத் துழாவினால் ஒரு நிமிஷ வேலை. பையைத் திறந்து உள்ளே பார்க்கத்தான் அவருக்கு முகமில்லை.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. சோதனை முடிந்த மறுநாளே, பிரஷ் மாட்டிய தகட்டை ஒரு நூல் அளவு உள்ளே வளைத்துப் பார்த்தார். சாய்வு போய்விட்டது. அரை மணி நேர வேலை. அதன்பின் சாய்ந்த கையெழுத்து எல்லாவற்றையும் மெஷின் மளமளவென்று படித்தது.

வீட்டில் மாமியார் தினமும் வாசல் கதவைத் திறந்ததும் கேட்பார்.

"மாப்பிள்ளை, உங்க மெஷின் என் கோணக் கையெழுத்தைப் படிச்சுதா, இல்ல தலைசுத்தி விழுந்துடுச்சா?"

"படிச்சிருக்கும் அத்தை."

"அப்போ தம்பிதான் படிக்கலை போல."

கல்யாணத்தன்று மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி மேல் துண்டைப் போட்டு வைத்திருந்தார் மாமியார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்காரப் போனதற்கு, "என் தம்பி வந்துட்டிருக்கான், நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று எழுப்பிவிட்டார். சாப்பாட்டுப் பந்தி இரண்டு முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. அவரே எழுந்து போய்த் துண்டை எடுத்து மடித்தார்.

"வரமாட்டான். நான்தான் ஆசைப்பட்டுட்டேன்" என்று தன் மகளிடம் சொன்னார். "பதினோரு வருஷமா அவன் ரோஷக்காரன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, அவனுக்கு நான் வேண்டாம்."

பெண்ணைப் பெற்றவர் என்று மாலை போட்டிருந்த பிரஷ்காரர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். யாரோ, "பொண்ணு போறாளேன்னு அழறார் பாரு" என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆறு நாள் கழித்துப் பையில் மிஞ்சியது அந்த ஒற்றை உறைதான். அதைக் கட்டுக்குள் செருக அவரால் முடியவில்லை. மூன்று நாள் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார். பிறகு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

கண்ணாடிக் கடையில் நாலு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மூஞ்சியே அவரைப் பார்த்தது. கடைக்காரர் கண்ணாடி அறுக்கும் வைரக் கத்தியைக் கீழே வைக்காமல், "என்ன வேணும்?" என்றார். அப்புறம் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"மாமா, இது உங்களுக்கு வந்தது."

தம்பிக்காரர் முகவரியைப் பார்த்தார். நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தார். அழைப்பிதழில் தேதியைப் பார்த்தார். உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"கல்யாணம் முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்பது நாள் மாமா."

"கல்யாணம்னு காத்துவாக்குல எனக்கும் தெரியும். அன்னைக்குக் கடையைத் திறக்கலை. வெள்ளைச் சட்டை போட்டுட்டு உக்காந்திருந்தேன். யாராவது வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா போகலாம்னு. மத்தியானம் சட்டையைக் கழட்டினேன்." கத்தியைக் கீழே வைத்தார். "இது எங்க இருந்துச்சு?"

பிரஷ்காரர் சொன்னார். பை, அலமாரி, பெரியவர், சான்றிதழ் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "தபால் லேட்டாயிடுச்சுன்னு அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார்.

"இந்த மாப்பிள்ளை இருக்கார்னுதானே அவ என் வீட்டுக்கு வரமாட்டேன்னா." கடைக்காரர் சத்தம் போடவில்லை. "நான் ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள நீங்க சொல்லியிருக்கணும். நான் வாசல்ல வந்து நிக்கறப்போ, நான் ஏன் கல்யாணத்துக்கு வரலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வெள்ளிக்கிழமையும் சொல்லாமலே போய்விட்டது. சனிக்கிழமை பகலில், மனைவி கடைத்தெருவுக்குப் போனபின், மாமியார் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பூண்டு உரிக்கவும் ஒரு மெஷின் பண்ணப் போறீங்களா?"

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட்டார்.  பூண்டு உரித்த விரல் நின்றுபோயிருந்தது.

"என் கையெழுத்துன்னு தெரியாம எடுத்துட்டீங்களா?"

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். அப்படித்தான் கேட்டார்.

"தெரிஞ்சுதான் அத்தை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"மொத்தம் எத்தனை பேருது?"

"நூத்திப் பதினேழு."

"அதுல எத்தனை வீட்டுல நாற்காலி போட்டு வெச்சிருந்தாங்களோ."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். அக்காவும் தம்பியும் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதார்கள், அப்புறம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள், சாப்பாட்டுக்கு ஒன்றாக வந்தார்கள். மகளிடம் மாமியார், "தபால்ல ஏதோ தகராறாம்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியவரவே இல்லை.

மறுநாளிலிருந்து மாமியார் அவரைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். "வாங்க", "சாப்பிடுங்க", "போயிட்டு வாங்க". மரியாதையில் ஒரு குறை கிடையாது. திட்டியிருந்தால்கூட அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

ஒரு மாதம் போயிருக்கும். பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கத்துத் தபால் ஆபீசுக்கு வந்தவர், கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் மாமியார் நிற்பதைப் பார்த்தார். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கையில் ஓர் உறை. பதிவுத் தபால், கூட, வாங்கினவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை. இடது கையால் அட்டையில் தம்பி பேரைச் சாய்த்துச் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டர் அம்மாவுக்கு இவர்கள் குடும்பம் தெரியும். "என்னம்மா நீங்க, பிரஷ்காரர் உள்ளதானே இருக்கார். அவர் கையில குடுத்தா போதாதா? வயசான காலத்துல இதுக்குப் போய் வரிசையில நிக்கறீங்க."

பிரஷ்காரர் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். மேற்பார்வையாளரும் அங்கேதான் இருந்தார்.

மாமியார் அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி. அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது" என்றார். ரசீதை வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, நாலாக மடித்துப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

பிரஷ்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கலாம். கையில் எண்ணெய் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.