அவர் எடை கூடினாரா?

உபதேசியார் வேலையில் ஒரு நிரந்தரச் சங்கடம் உண்டு: நம்மிடம் இருப்பது விளக்கம், சனங்கள் கேட்பது பதில். மார்கழி வந்தால் கடவுள் மனிதரானதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டிய என் சக துன்பாளிகளுக்கு இது புரியும்.

இரண்டு இயல்புகள்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அந்தி வகுப்பு. யேசு ஆள் ஒருவர், இயல்பு இரண்டு. இறைமையும் குறையவில்லை, மனிதமும் குறையவில்லை என்று நான், இதைத் தீர்மானித்த ஆதித் திருச்சங்கங்கள் வரை போய்விட்டேன். முன் வரிசையில், கொழுந்து பறிக்கும் செல்வமலர், மடியில் கைக்குழந்தை. கிளினிக்கில் குழந்தைக்கு எடை ஏறவேயில்லை. அடுத்த தடவையும் ஏறாவிட்டால் கேகாலை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஐயா, யேசு எடை கூடுனாருங்களா?" என்றாள்.

வளர்ந்தார் என்று வேதத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன். நாசரேத்தில் குழந்தை நிறுக்கும் தராசு இருந்ததற்கு ஆதாரமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். என் வாய் அப்படி.

"வளந்தது எல்லாருக்கும் தெரியும்ங்க. புள்ள ஒழுங்கா பால் குடிக்காத அன்னைக்கு மாதாவுக்கு வயித்தக் கலக்குச்சா, அதைத்தான் கேக்குறேன்."

சுரூபம்

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குக் கோயிலில் வைக்கும் குடிலுக்கு வந்த புதுக் குழந்தை யேசு சுரூபத்தை முதலில் பார்வையிட்டவர் முனியம்மா. தாய்மார் மலைக்கு ஏறும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவர்தான் ஆயம்மா. சுரூபத்துக்குச் சுருள் முடி, மேலே துணியில்லை, இரண்டு கையையும் விரித்து ஆசீர்வதிக்கும் பாவனை. அந்தப் பாவனையின் பொருளை நான் விளக்கத் தொடங்குமுன் அவர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

"பொறந்த புள்ளன்னு சொல்றீங்க, ஒரு வயசு இருக்கும் போலயே! மழை இப்படி ஊத்துது, மேல ஒரு துணி கெடையாது. நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்க, உபதேசியாரே?"

பிளனல்

மாவனல்லையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா என் பழைய விவாதத் தோழர். கடவுள் மனிதராக முடியாது என்பது அவர் கட்சி. இத்தனை வருடத்தில் இருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. சுரூபத்துக்குக் குளிருக்குப் போர்த்தப் பிளனல் துணி வேண்டும் என்றதும் சிரித்தார். ஆயம்மாவிடம் வாங்கிய ஏச்சைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாகச் செல்வமலரின் குழந்தையையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே கனமான பிளனலில் இன்னொரு துண்டு வெட்டி, காசு வாங்காமல் தனியாகச் சுற்றிக் கொடுத்தார்.

"ஒங்கட கொள்கை எனக்குச் சரிவராது, உபதேசியார். ஆனா புள்ளைக்குக் குளிரும் எண்டது சரிவரும்."

தராசு

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிளினிக். குடை பிடிக்க என்னையும் கூப்பிட்டிருந்தாள் செல்வமலர். தராசு உத்தரத்தில் தொங்கியது. குழந்தை நானாவின் பிளனலுக்குள் இருந்தது. துணியோடேயே நிறுக்கலாமே என்று, இறையியல் படித்தவன், அவள் காதில் சொல்லிப் பார்த்தேன்.

"கொழுந்துக்குச் சாக்கு எடை கழிக்கிற மாதிரி இதுக்கும் கழிச்சிருவாங்க. எடுத்திருங்க ஐயா."

குழந்தை வெறும் உடம்போடு தொங்கிக் கதறியது. முள் ஆடியது, ஆடிக்கொண்டேயிருந்தது. செல்வமலர் முள்ளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். எந்தச் செபம் பொருத்தம் என்று நான் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் சிங்களத் தாதி நிமிர்ந்தார்.

"பர வெடிவெலா!"

எடை கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாம். செல்வமலர் குழந்தையைப் பறித்துப் பிளனலில் சுருட்டி, மூக்கையும் அதே துணியில் துடைத்துக்கொண்டாள்.

"கோயிலுக்குத்தானே போறீங்க? மாதாகிட்டயும் சொல்லிருங்க ஐயா. பாவம், அவங்களும் பயந்துகிட்டுத்தான் இருந்திருப்பாங்க."

போய்ச் சொன்னேன். எடை கூடிய நன்றியிலேயே இவ்வருட நத்தார்ப் பிரசங்கத்திலிருந்து திருச்சங்கங்கள் அத்தனையையும் சாக்கு எடையாகக் கழித்துவிட்டேன்.