வாய்மேல் ஒரு கை

ஒரு காலத்தில் கிளை முறியும் சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். எண்பதுகளில் ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒருநாள் யாரோ மரப்பெட்டியை உடைத்தார்கள். நான் மேசைக்கடியில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். காரணம் இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் விறகு முறிந்த ஒரு மத்தியானம், அம்மா என்னை அதே கோலத்தில் பார்த்தாள். பக்கத்தில் குந்தி, தானும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்ல, "அது போயிடுச்சு, எந்திரிம்மா" என்றாள்.

அன்றுதான் சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது, சானமாவுக் காட்டோரம் ராகிக் கொல்லையில் அவளுக்கு எதிரே யானை கிளை முறித்துத் தின்றதாம். புதருக்குள் வாயைப் பொத்திக் கிடந்தாளாம். கர்ப்பிணி பயந்ததைப் பிள்ளையிடம் சொன்னால் பயம் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் மறைத்துவிடுவார்கள். நல்ல வழக்கம், போங்கள்! தாயின் அச்சம், பிள்ளையின் மரபணுவை மாற்றாமலே அது வேலை செய்யும் விதத்தை மாற்றக்கூடும் என்று இப்போது சொல்கிறார்கள்.

என் மகளிடம் நானும் எதுவும் சொல்லவில்லை. அவள் பிறந்தபின் எனக்கு அந்தப் பயம் வந்ததும் இல்லை. அவளுக்கு நான்கு வயதில், வாசலில் முருங்கைக் கிளை முறிந்தது. ஓடிவந்து மடியில் ஏறியவள், சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள்.